பதினோரு நாள்

எங்க தாத்தாவோட அப்பா பட்டாளத்துல இருந்தார் என்றால்
நாங்களும்தான் இருக்கோம் என்று சிரிப்பார்கள்.
ஏரியா பெயரே பட்டாளம்.
புளியந்தோப்புக்குப் பக்கம்,
ஐப்பசியில் முழங்கால் தண்ணீர்.
நான் சொல்வது துப்பாக்கி தூக்கின பட்டாளம்.

வேலையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை
எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.
ஆராய்ச்சியா என்றார் வாசலில் இருந்தவர்.
இல்லீங்க, டைல்ஸ் என்றேன்.
உள்ளே ஒரு அம்மா என் நகத்திலிருந்த
வெள்ளை சிமெண்டைப் பார்த்துவிட்டு,
காலாட்படைக் காகிதமெல்லாம் இங்கே கிடையாது,
மலைமேல் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள் என்று
பஸ் டிக்கெட் பின்னால் விலாசம் குறித்துக் கொடுத்தார்.

நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன்.
எல்லாக் கல்லும் ஒரே உயரம்,
நூல் பிடித்து நட்ட இடைவெளி.
தொழில்காரன் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது,
துக்கம் அப்புறம்தான்.
வரிசை வரிசையாய் நடந்தேன்.
கன்னியப்பன் இல்லை.

ஏழு மாதம் கழித்து வந்தது கவர்.
ஒரே ஒரு பக்கம், ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.
உயரம் ஐந்தடி நாலு.
இடது புருவத்தில் தழும்பு.
பெயர் மூன்று இடத்தில் மூன்று விதம்.
கீழே கட்டைவிரல் ரேகை.

என் ரேகை ரேஷன் கடை மெஷினில் விழாது,
சிமெண்ட் தின்றுவிட்டது.
துடைத்து வைங்க, எண்ணெய் தடவி வைங்க, நாளைக்கு வாங்க.
அவருடையதில் சுழி சுழியாய்
எண்ணலாம் போலிருந்தது.

தங்கச்சி மகள் ஜெயப்பிரதா வாசித்துச் சொன்னாள்.
நாற்பத்து நாலு, பர்மா எல்லை,
குண்டு இல்லை, காய்ச்சல்.
அதற்கு மேல் வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.
மாமா, இவர் ஒரு தடவை ஓடிப்போயிருக்கார்.

நாற்பத்திரண்டு ஏப்ரல்.
சொல்லாமல் கொள்ளாமல் பதினோரு நாள்.
திரும்பிவந்தபின் அதே பதினோரு நாள் சம்பளம் பிடித்தம்.
காரணம் என்கிற கட்டத்தில் ஒரு கோடு.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று
மெட்ராஸே காலியான ஏப்ரல் அது.
பேசின் பாலத்தில் வண்டி வண்டியாய் சனம்,
ஏறமுடியாதவர்கள் நடந்தே.
மிருகக்காட்சிசாலை சிங்கங்களைச் சுட்டுவிட்டார்களாம்.
தேசம்மா மட்டும் போகவில்லை.
வண்டிச்சத்தத்துக்குக் காசில்லையா,
சேதி ஏதும் வந்திருந்ததா,
சொல்ல ஆளில்லை.

தெருவில் ஒரு நாய்கூட இருந்திருக்காது.
பூட்டின வீடுகளுக்கு நடுவில்
பூட்டாத ஒரு வீடு.
அவர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டுதான்
வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.
அது காகிதத்தில் இல்லை.

எங்கள் தாத்தா எத்திராசு
நாற்பத்து மூன்றில், போகிப் புகைக்குள் பிறந்தவர்.
இதைச் சொன்னதும் ஜெயப்பிரதா
விரல் விட்டு மாதத்தை எண்ணினாள்,
பாதியில் நிறுத்தி
வெட்கப்பட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து
நான் வேறு கணக்குப் போட்டேன்.
ஆறு ரூபாய் சொச்சம் வருகிறது.
எங்கள் வீட்டில் இப்போது இருபத்தாறு பேர்.

டைல்ஸை முட்ட முட்ட ஒட்டக்கூடாது.
ரெண்டு எம்எம் இடம் விடணும்,
இல்லாவிட்டால் சித்திரை வெயிலில்
தரையே கூடாரம் போல எழும்பிவிடும்.
புதுப் பையன்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள்
தாவு தீர்ந்துவிடும்.
வெற்றிடம் வேஸ்ட் என்று நினைக்கிறார்கள்.

காகிதத்தை மடிக்காமல்
காஸ் புத்தகத்துக்குள் வைத்தேன்.
மணி ஒன்பதேகால்.
மேஸ்திரி போன் அடிக்கிறார்,
அண்ணாநகரில் மூணாவது மாடி பாத்ரூம் காத்திருக்கிறது.
அடித்து ஓய்ந்தது.
மறுபடி அடிக்கிறது.

வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.